பெல்வியூவில் பிக்கிள்பால்: தனியாகப் போனால் சேர்த்துக்கொள்வார்களா?

சியாட்டில் அருகே பெல்வியூ வந்து இரண்டு மாதம், ஊரில் ஷட்டில் ஆடிய பழக்கம் இருக்கிறது, கூட ஆட ஆள் இல்லை; பிக்கிள்பால் (மட்டையால் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) கோர்ட்டுக்குத் தனியாகப் போகலாமா, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இங்கே பாதிப்பேர் தனியாகத்தான் வருகிறார்கள். ‘ஓப்பன் ப்ளே’ என்று குறித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அதற்கு ஜோடி வேண்டாம், முன்பதிவும் பெரும்பாலும் வேண்டாம்.

கோர்ட் தேட ‘பிக்கிள்ஹெட்ஸ்’ செயலியில் உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். எந்தப் பூங்காவில் எத்தனை கோர்ட், நிரந்தர நெட் உண்டா, விளக்கு உண்டா என்பதெல்லாம் தெரியும். ஆனால் யார், எப்போது கூடுகிறார்கள் என்பதற்கு இந்தப் பக்கத்தில் ‘ப்ளேடைம் ஷெட்யூலர்’தான் கைகொடுக்கும், அதில் ஆட்டத்தரம் வாரியாக நேரம் போட்டிருப்பார்கள். பெல்வியூவில் ஹில்லேர் பார்க், ஏரிக்கு அந்தப் பக்கம் சியாட்டிலில் க்ரீன் லேக் இரண்டும் தொடங்க ஏற்றவை. சில பூங்காக்களில் டென்னிஸ் கோர்ட் மேலேயே வேறு நிறத்தில் கோடு போட்டிருப்பார்கள். அங்கே நெட்டை ஆடுபவர்களே காரில் கொண்டுவர வேண்டியிருக்கும். டென்னிஸ் ஆட வருபவர்களுக்கு எந்த நேரம் என்று வாசல் பலகையில் எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள். புதியவருக்கு வார நாள் காலைதான் நல்ல நேரம். ஓய்வுபெற்றவர்கள் நிறைய வருவார்கள், நிதானமாகச் சொல்லித்தருவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம், ஆட்டமும் வேகம்.

கோர்ட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வேலியோரம் பேடல்கள் (ஆடும் மட்டைகள்) வரிசையாகச் செருகியிருக்கும் தாங்கி. அதுதான் இங்கே க்யூ. உங்கள் பேடலைக் கடைசியில் வையுங்கள். முன்னால் இருக்கும் நான்கு பேடல்காரர்கள் அடுத்துக் காலியாகும் கோர்ட்டுக்குப் போவார்கள். கூட்டமான நேரத்தில் ஆட்டம் முடிந்தால் நால்வரும் வெளியே வந்துவிட வேண்டும். கூட்டம் குறைவென்றால் ஜெயித்த இருவர் அங்கேயே நின்று, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, புதிதாக வரும் இருவரோடு சேர்வார்கள். எது நடைமுறை என்பது இடத்துக்கு இடம் மாறும், அங்கே நிற்கும் யாரையாவது கேட்டுவிடுங்கள். அடுத்தவர் பேடலை நகர்த்தி வைப்பதுதான் இங்கே பெரிய மரியாதைக்குறைவு. ‘3.5+’ என்று ஆட்டத்தர எண் எழுதியிருக்கும் கோர்ட் இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல. யாராவது தரம் கேட்டால் ‘பிகினர்’ என்று சொல்லுங்கள். ஷட்டில் அனுபவத்தை வைத்து எண்ணைக் கூட்டிச் சொன்னால் நால்வர் ஆட்டமும் கெடும்.

கோர்ட் உங்கள் கண்ணுக்குப் பழகிய அளவுதான்: 20 அடிக்கு 44 அடி, ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டேதான். 1965-ல் சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு வீட்டின் ஷட்டில் கோர்ட்டில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. நெட் மட்டும் தாழ்வு, நடுவில் 34 அங்குலம்.

சர்வை இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாக, எதிர்க்கோணத்துக்குப் போட வேண்டும். கை சரியாக வரும்வரை பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்பியதும் அடியுங்கள்; அதுவும் சட்டப்படி சரியே, தவறும் குறைவு. சர்வை எதிராளி ஒருமுறை தரையில் படவிட்டே எடுக்க வேண்டும், அவர் திருப்பியதை நீங்களும் அப்படியே. அதற்குப் பிறகுதான் அந்தரத்தில் அடிக்கலாம். நெட்டுக்கு இருபுறமும் ஏழடிப் பட்டை ‘கிச்சன்’. அதற்குள்ளோ அதன் கோட்டிலோ நின்று பந்தை அந்தரத்தில் அடித்தால் ஃபால்ட். அடித்த வேகத்தில் கால் உள்ளே போய்விட்டாலும் ஃபால்ட்தான். ஷட்டில் ஆடியவர்கள் பாய்ந்து ஸ்மாஷ் அடித்துப் பாயிண்டை இழப்பது இங்கேதான். பந்து தரையில் பட்டுவிட்டால் உள்ளே போய் எடுப்பதில் தடையில்லை.

ஷட்டில் கை இன்னொரு விஷயத்திலும் இடிக்கும். மணிக்கட்டைச் சுண்டினால் இந்தப் பிளாஸ்டிக் பந்து கோட்டைத் தாண்டிப் பறக்கும். தோளிலிருந்து மெல்லத் தள்ளி, கிச்சனுக்குள் தாழ்வாக விழும்படி போடுவதுதான் ‘டிங்க்’. ஆட்டத்தின் உயிரே அதுதான். வேகத்தை விட்டு முதலில் அதைப் பழகுங்கள்.

ஸ்கோரை மூன்று எண்ணாகச் சொல்ல வேண்டும்: நம் பாயிண்ட், எதிராளி பாயிண்ட், சர்வ் போடுபவர் முதலாமவரா இரண்டாமவரா. தொடக்கம் மட்டும் ‘0-0-2’, ஏனென்றால் முதலில் சர்வ் போடும் அணிக்கு அந்தச் சுற்றில் ஒருவர்தான், அவரை இரண்டாமவராகவே கணக்கிடுவார்கள். சர்வ் போடும் அணிக்கே பாயிண்ட் ஏறும். 11 எடுத்தால் ஆட்டம், ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். உங்கள் பக்கம் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை நீங்களே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாக. பக்கத்து கோர்ட் பந்து உருண்டு வந்தால் ‘பால்!’ என்று உரக்கக் கத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். மிதித்தால் கணுக்கால் போய்விடும்.

வாங்க வேண்டியவை குறைவு. 50 முதல் 100 டாலருக்குள் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 8 அவுன்ஸுக்கு மிகாத பேடல் போதும். மரப் பேடல் வேண்டாம், கனமாக இருந்து முழங்கையைப் பதம் பார்க்கும். வெளியே ஆட 40 துளைப் பந்து, உள்ளரங்கில் 26 துளைப் பந்து. குளிரில் வெளிப்பந்து இறுகி விரிசல் விடும், பையில் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். காசு செலவழிக்க வேண்டிய இடம் ஷூ. ஓட்டத்துக்கான ஷூவின் அடிப்பாகம் உயரமும் மென்மையுமானது. பக்கவாட்டில் சட்டென நின்றால் பாதம் மடங்கும். டென்னிஸ் கோர்ட் ஷூ வாங்குங்கள், உள்ளரங்கத் தரையில் தடம் பதிக்காத வகையாகப் பார்த்து.

அக்டோபர் முதல் வசந்தம்வரை மழை, டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டு. அந்த மாதங்களுக்கு நகராட்சியின் கம்யூனிட்டி சென்டர் ஜிம்மில் ‘ட்ராப்-இன்’ (நேராகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்) நேரம் தேடுங்கள், சில டாலர்தான் ஆகும். மழை விட்டதும் வெளியே ஆட ஆசை வரும். தரையை ஷூவால் தேய்த்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் ஆடாதீர்கள். பெயின்ட் அடித்த வெள்ளைக் கோடுகள் காய்வதற்குக் கடைசியாகும், வழுக்குவதும் அங்கேதான்.

பெரிய காயங்கள் பெரும்பாலும் தலைக்கு மேல் போகும் பந்தைப் பின்னோக்கியே ஓடித் துரத்துவதில் வருகின்றன. விழும்போது கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு முறியும். உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், எட்டாவிட்டால் பாயிண்டை விட்டுவிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் ஏற்கும், எக்ஸ்ரே வசதியுள்ள அர்ஜென்ட் கேர் (உயிருக்கு ஆபத்தில்லாத காயங்களை உடனே பார்க்கும் கிளினிக்) வீட்டருகில் எது என்று இப்போதே பார்த்து ஃபோனில் குறித்து வையுங்கள். சுளுக்கு, வீக்கத்துக்கு அது போதும், எமர்ஜென்சி பில்லைவிட மிகக் குறைவாகவே வரும். எலும்பு விலகியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலோ விரல் மரத்துப்போனாலோ மட்டும் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.