நல்ல மருத்துவருக்குத் தலைமைப் பயிற்சி எதற்கு?

“நன்றாகச் சிகிச்சை செய்பவர் துறைத் தலைவரானால் போதாதா, தனிப் பயிற்சி எதற்கு?” என்பது கேள்வி. போதாது. கத்தி பிடிக்கப் பல ஆண்டுகள் பழக்குகிறோம்; பத்துப் பேரை ஒருமித்து நடத்த ஒரு நாள்கூடப் பழக்குவதில்லை. பணிமூப்பு வந்ததும் நாற்காலி வந்துவிடுகிறது. மறுநாள் காலையிலேயே பணி அட்டவணைச் சண்டையும், தேர்வில் தவறிய மாணவரின் அழுகையும், வராத கருவிக்கான கோப்பும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன.

இதற்கு எனக்குப் பிடித்த மாதிரி, மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஃபெய்மர் (FAIMER) என்ற அமெரிக்க மருத்துவக் கல்வி நிறுவனம் தரும் பயிற்சிதான். பிலடெல்பியாவில் தொடங்கி, 2005இல் மும்பையிலும் 2006இல் லூதியானாவிலும் 2007இல் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியிலும் வட்டார மையங்களாக வேர்விட்டது. இரண்டு ஆண்டுப் பகுதிநேரப் பயிற்சி. வேலையை விட வேண்டியதில்லை. ஆனால், தம் கல்லூரியிலேயே ஒரு கல்விச் சீர்திருத்தத்தைச் செய்து காட்ட வேண்டும். இதுதான் அதன் உயிர்நாடி. செய்முறைத் தேர்வுக்குப் பொதுவான மதிப்பெண் பட்டியல் ஒன்றைக் கொண்டுவர நினைத்தால், முப்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த பேராசிரியரை முதலில் இணங்க வைக்க வேண்டும். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று எந்த வகுப்புரையும் கற்றுத்தராது. ஒருமுறை சறுக்கி, உடன் பயில்பவர்களிடம் மனம்விட்டுச் சொல்லி, மறுபடி முயலும்போதுதான் கைவரும்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் கல்லூரி முதல்வரிடம் பேசிவிடுங்கள். சீர்திருத்தம் நடக்கப்போவது அவர் பொறுப்பிலுள்ள கல்லூரியில்.