கிராப் சென்சார் கேமராவுக்கு வைட் ஆங்கிள் ஜூம்: எதை வாங்குவது, எப்படிக் கையாள்வது?

கேள்வி: கேனான் கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார் கொண்ட) டி.எஸ்.எல்.ஆரும் அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். கோயில், வீட்டு உள்ளறை, கல்யாண மண்டபம் எதை எடுத்தாலும் முழுதாக அடங்குவதில்லை. வைட் ஆங்கிள் ஜூம் வாங்கலாமா? வாங்கினால் எதை?

பதில்:

பின்னால் நகர இடமில்லாத இடங்களில்தான் வைட் ஆங்கிள் லென்ஸ் கட்டாயம் தேவை. இடம் இருந்தால் பத்தடி பின்னால் போய் 18 மி.மீ.யிலேயே எடுப்பது பெரும்பாலும் நல்ல படமாக அமையும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் எடுக்கும் இடங்களில் எவ்வளவு தூரம் பின்வாங்க முடியும் என்பது.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர். கேமராவை அண்ணாத்தாமல், மட்டமாக, செங்குத்து வாக்கில் பிடித்து அதன் உச்சி வரை அடக்க வேண்டும். கேனான் கிராப் சென்சாரின் நீளப் பக்கம் 22.3 மி.மீ. அதில் பாதியை ஃபோகல் நீளத்தால் (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) வகுத்தால், நிற்கும் தூரத்தைப் போல எத்தனை மடங்கு உயரம் கேமரா மட்டத்துக்கு மேலே அடங்கும் என்பது கிடைக்கும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் விமானத்தில் அடக்க வேண்டியது 64.5 மீட்டர். 18 மி.மீ.யில் அது 0.62, ஆக 104 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 10 மி.மீ.யில் 1.115, 58 மீட்டர் போதும். கோயில் வளாகத்தின் அகலமோ சுமார் 120 மீட்டர்தான். பக்கவாட்டில் எவ்வளவு பின்வாங்கினாலும் விமானத்தின் நடுவிலிருந்து 60 மீட்டருக்கு மேல் கிடைக்காது. கிட் லென்ஸால் அங்கே முடியாது, 10 மி.மீ. லென்ஸால் விளிம்பில் நின்று முடியும். உங்கள் ஊர்க் கோபுரத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இந்த முனையில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வரும். 200-க்கும் 202-க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் சென்சாரில் மூலைக்கு மூலை பார்வைக் கோணம் 18-இல் ஏறத்தாழ 74 டிகிரி, 12-இல் 96, 10-இல் 107. எனவே 10-18, 10-20, 11-16, 12-24 எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது எண் 16-ஆ 22-ஆ என்பது அவ்வளவு முக்கியமில்லை, அந்த இடத்தை உங்கள் கிட் லென்ஸ் நிரப்பிவிடும்.

உங்கள் கேமராவுக்கு என் தேர்வு கேனான் இ.எஃப்-எஸ் 10-18 எஃப் 4.5-5.6 ஐ.எஸ் எஸ்.டி.எம். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூடுதல் ஒளியை உள்ளே விடும், ஐ.எஸ் என்பது கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி, எஸ்.டி.எம் ஃபோகஸ் மோட்டாரின் வகை. 2014-இல் வந்தது, 240 கிராம், ஃபில்டர் அளவு 67 மி.மீ. மவுன்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக், எடை குறைவு என்பதால் அது குறையாகத் தெரியாது. அதைவிடப் பழைய 10-22 எஃப் 3.5-4.5 (2004) கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும், ஆனால் அதில் ஐ.எஸ் கிடையாது. இருண்ட மண்டபத்தில், அசையாத தூண்களையும் சிற்பங்களையும் கையில் பிடித்து எடுக்க ஐ.எஸ் பெரிய உதவி. மூச்சை அடக்கிச் சுவரில் சாய்ந்து நின்றால் 1/4 நொடி வரை கூர்மையாக வரும். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி கேட்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எஃப் 2.8 எப்போது வேண்டும்? ஆட்கள் அசைகிற இருட்டுக்கும் நட்சத்திரங்களுக்கும். ஐ.எஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், மேடையில் ஆடுகிறவரின் அசைவைத் தடுக்காது. எஃப் 2.8 லென்ஸ் எஃப் 4.5-ஐ விட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். இந்த வகையில் டோகினா 11-16 எஃப் 2.8 பழைய லென்ஸ் சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. வெயில் நேராக விழுந்தால் ஃபிளேர் (படத்தில் ஒளிப் புள்ளிகளும் வெளிறலும்) அதிகம், அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் வாங்கலாம். நிக்கான் வைத்திருக்கும் நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது கவனம்: இதன் முதல் பதிப்பில் நிக்கான் மவுன்ட்டுக்கு ஃபோகஸ் மோட்டார் கிடையாது, டி3000, டி5000 வரிசை கேமராக்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நிக்கானின் சொந்த ஏ.எஃப்-பி 10-20 நல்ல லென்ஸ், ஆனால் டி90, டி3000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது.

மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) மாறப்போகிறீர்கள் என்றால் காத்திருப்பது நல்லது. கேனான் ஆர்.எஃப்-எஸ் 10-18 (2023) வெறும் 150 கிராம். சோனி கிராப்பில் டாம்ரான் 11-20 எஃப் 2.8, பல மவுன்ட்களில் சிக்மா 10-18 எஃப் 2.8 என்று நல்ல தேர்வுகள் உண்டு. ஃபுல் ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாருக்கு) போவதாக இருந்தால் இ.எஃப்-எஸ் லென்ஸ் கேனானின் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே மாட்டாது. அங்கே 10-18-க்கு இணை 16-35 எஃப் 4 எல் ஐ.எஸ், எடை 615 கிராம்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. கிட் லென்ஸை 18-இல் வைத்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் மூன்றில் ஒரு பங்கு படியட்டும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஹுகின் என்ற இலவச மென்பொருளில் சேர்த்துப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத இடங்களுக்கு இதுவே போதும் என்று தோன்றினால் லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது இரண்டு விஷயத்தைத் தவறாமல் பாருங்கள். ஒன்று பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஓடினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நான்கைந்து தூசி தெரிந்தால் கவலையில்லை. இரண்டாவது, உள்ளே இருக்கும் கண்ணாடிகளில் ஒன்று மையம் விலகியிருப்பது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது சகஜம், வைட் ஆங்கிளில் உடனே காட்டிக்கொடுக்கும். தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 10 மி.மீ., எஃப் 5.6. நடுவில் வைத்து ஒரு முறை ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அதே பலகையை நான்கு மூலைகளிலும் வைத்து நான்கு படம் எடுங்கள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலையும் நடுவைவிடச் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. மூன்று மூலை ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் குழம்பியிருந்தால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனிப் பயன்படுத்துவது. புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்வது, 10-இல் வைத்து எதிரே தெரியும் மலையையும் வயலையும் அள்ளி எடுப்பது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மலை எறும்புப் புற்றாகி, பாதிப் படம் வெறும் தரையும் வானமுமாக இருக்கும். காரணம் எளிது: 18-இலிருந்து 10-க்குப் போனால் தூரத்துப் பொருள் 55 சதவீதமாகச் சுருங்கும். கிட்டே ஒரு பொருள் இருந்தால்தான் இந்த லென்ஸின் படம் நிற்கும். கோலம், படிக்கட்டு, கரையில் இழுத்துப் போட்ட வலை, எதுவானாலும் சரி, அதிலிருந்து அரை மீட்டர், முக்கால் மீட்டர் தூரத்துக்குப் போய்விடுங்கள். இந்த 10-18 லென்ஸ் 22 செ.மீ. வரை கிட்டே ஃபோகஸ் செய்யும். குனிவதற்குத் தயங்க வேண்டாம். கேமராவை ஓர் அடி கீழே இறக்கினாலே முன்னால் இருப்பதன் உருவம் முற்றிலும் மாறிவிடும்.

அவ்வளவு கிட்டே இருப்பதும் தூரத்து மலையும் ஒன்றாகக் கூர்மையாக வருமா? வரும். 10 மி.மீ., எஃப் 8-இல் சுமார் 65 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 35 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும். மலை இன்னும் கூர்மையாக வேண்டும் என்றால் ஒரு மீட்டரில் வையுங்கள், கிட்டப்புறம் 40 செ.மீ. வரை தெளிவு கிடைக்கும். இந்த லென்ஸில் தூர அளவுகோல் அச்சிடப்படவில்லை. ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில் இயங்குவது, கேமரா அணைந்திருந்தால் சுற்றினாலும் பயனில்லை. எனவே ஒரு மீட்டரில் இருக்கும் ஏதாவதொன்றில் ஆட்டோ ஃபோகஸ் செய்து, லென்ஸ் ஸ்விட்சை எம்.எஃப்-க்குத் தள்ளி, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்த்து) பத்து மடங்கு பெரிதாக்கிச் சரிபார்த்துவிட்டு எடுங்கள். எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22-க்குப் போகாதீர்கள். கிராப் சென்சாரில் எஃப் 11-ஐத் தாண்டினால் ஒளிச் சிதறலால் படம் முழுவதுமே மழுங்கத் தொடங்கும்.

அடுத்தது மட்டம். கட்டடங்களில் பாதிப் படங்கள் கெடுவது இங்கேதான். கேமராவை அண்ணாத்தினால் கோபுரம் பின்னால் மல்லாந்து விழுவது போல வரும். வைட் லென்ஸில் ஓரிரு டிகிரி சாய்ந்தாலே தூண்கள் கோணிவிடும். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் சின்ன ரசமட்டம் மலிவாகக் கிடைக்கும், கேமராவிலேயே எலக்ட்ரானிக் மட்டம் இருந்தால் இன்னும் நல்லது. மட்டமாகப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும். 10-இல் செங்குத்தாகப் பிடித்தால் காலடியிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் உள்ள கல்தரைகூடத் தெரியும். அதில் ஏதேனும் சுவையானது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிறகு வெட்டிவிடுங்கள். மென்பொருளில் நிமிர்த்தலாம்தான், ஆனால் நிமிர்த்தும்போது மேல்பகுதி இழுபட்டுக் கூர்மை குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். அப்படிச் செய்வதாக இருந்தால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். முதலில் லென்ஸ் புரொஃபைலை (அந்த லென்ஸுக்கென மென்பொருளில் உள்ள திருத்தத்தை) போட்டு நேர்கோடுகளின் வளைவைச் சரிசெய்த பிறகே நிமிர்த்த வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் எடுக்கும்போது முகங்களை ஓரத்தில் வைக்காதீர்கள். இது லென்ஸின் குறை இல்லை. நேர்கோடுகளை நேராக வைத்திருக்கும் எந்த லென்ஸும் ஓரத்தில் உள்ள உருண்டையான பொருளை வெளிப்பக்கமாக இழுக்கத்தான் செய்யும். தட்டையான சுவரின் வடிவம் மாறாது, தலை மாறும். 10 மி.மீ.யில் படத்தை அகலவாக்கில் எடுத்தால் இட வல விளிம்பில் நிற்பவரின் தலை ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். 15-இல் கால் பங்கு அதிகம். 22-இல் எட்டில் ஒரு பங்குதான், கண்ணுக்கு உறுத்தாது. ஆகவே குடும்பப் படத்துக்கு இந்த லென்ஸையே எடுக்க வேண்டாம், பின்னால் போய்க் கிட் லென்ஸில் 24-க்கு மேல் எடுங்கள். மேடை, பந்தல், பந்தி வரிசை ஆகியவற்றைக் காட்டும் படத்துக்கு மட்டும் 10-18, அதிலும் ஆட்கள் நடுப்பாதிக்குள். ஓரத்தில் மாட்டிக்கொண்ட அத்தையோ மாமாவோ அந்த ஆல்பத்தை வாழ்நாள் முழுக்கப் பார்க்கப் போகிறவர்கள். கேமராவோடு வரும் ஃபிளாஷ் 10-ஐ நிரப்பாது. ஓரங்கள் இருண்டு, ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டியிருந்தால் கீழே அரைவட்ட நிழலும் விழும். ஹூட்டைக் கழற்றி, தனி ஃபிளாஷைக் கூரையில் அடியுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுக்க வாசலிலோ மூலையிலோ நில்லுங்கள். கேமரா நெஞ்சு உயரத்தில், மட்டமாக. 10-க்கு நேராகப் போகாமல் 14-இலிருந்து தொடங்கி, தேவையான அளவுக்கு மட்டும் அகலப்படுத்துங்கள். 10-இல் கட்டில் கப்பலாகத் தெரியும், வாடகைக்குப் பார்க்க வருகிறவர் ஏமாந்து போவார். ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப் போனால் ட்ரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது அல்லது இரட்டிப்பாக்குவது) குறைத்து, சரியாக, இரண்டு ஸ்டாப் கூட்டி என மூன்று படம் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். ட்ரைபாடின் முன்கால் படத்துக்குள் வருகிறதா என்று கீழ் விளிம்பைப் பாருங்கள், அடிக்கடி வரும்.

ஃபில்டர் பற்றிச் சுருக்கமாக. நீலவானத்துக்குப் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 டிகிரியில் உள்ள வானம் மட்டும் கருநீலமாகி, மீதி வெளிறி, பட்டை அடித்தது போல் இருக்கும். 107 டிகிரி காட்டும் லென்ஸில் இதைத் தவிர்க்கவே முடியாது. தண்ணீர்ப் பிரதிபலிப்பையும் இலைகளின் மினுமினுப்பையும் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஃபில்டர் போட்டால் மூலைகள் கறுக்கும்.

சூரியன் படத்துக்குள்ளோ ஓரத்திலோ வருவது இந்த லென்ஸில் அன்றாடம் நடக்கும். முன் கண்ணாடியில் ஒரு கைரேகை இருந்தாலும் படம் வெளுத்துவிடும், எடுக்கும் முன் துடைத்துவிடுங்கள். இந்த 10-18-இல் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்கள் ஏழு. இதழ் ஒற்றைப்படையாக இருந்தால் கதிர் இரட்டிப்பாகும், ஆகவே எஃப் 16-இல் கோபுர விளிம்பில் பாதி மறைந்த சூரியன் 14 கதிரோடு விரியும். கூர்மை சற்றுக் குறைந்தாலும் எஃப் 11-ஐத் தாண்டத் தகுந்த இடம் அது ஒன்றுதான்.

கடலோர ஊர்க்காரர் என்றால் லென்ஸைப் பையிலேயே மாதக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். ஈரப்பதம் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும், முள் 60-ஐத் தொட்டால் ஜெல்லை மாற்றுங்கள்.