தொமுளன் எதைச் சிமுட்டினான்?

அன்புள்ள ஐயா,

தொடக்கநிலை ஐந்துக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். இந்தப் பருவத்தில் வகுப்பு முழுவதும் ஒரே சிறுவர் நாவலைச் சேர்ந்து படிக்கிறோம். கருத்தறிதல் பயிற்சித்தாள்கள் குறைந்துவிட்டன. "அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), கதை படித்துக்கொண்டிருந்தால் எப்படி?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான் செய்வது சரிதானா?

ஓர் ஆசிரியை, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

"தொமுளன் கிரப்பையைச் சிமுட்டினான்." யார் சிமுட்டியது? தொமுளன். எதை? கிரப்பையை. இரண்டு மதிப்பெண். அந்த வரியில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது, இப்போது நானே உண்டாக்கியது. பத்தியைப் படித்துச் சொந்தமாக விடையெழுதும் சுயவிடைக் கருத்தறிதலில் நம் பிள்ளைகள் பலர் செய்வது இதைத்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிவைக்கிறார்கள். விடையை வேற்றுமை உருபே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நாவலில் இந்த வித்தை பலிக்காது. மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டி ஏன் பேசாமல் எழுந்து போனாள் என்பது எட்டாம் அத்தியாயத்தில்தான் தெரியவரும். அதுவரை பிள்ளை அந்த மௌனத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. "அவர் வந்தார்" என்றால் தாத்தாவா, டீச்சரா? முன்பக்கத்தை நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடுதான். வீட்டில் பேச்சுத்தமிழே அரிதாகக் கேட்கும் பிள்ளை, எழுத்துத்தமிழில் இந்த 'அவர்'களோடு தனியாக மல்லுக்கட்ட முடியாது. முதல் சில அத்தியாயங்களை நீங்களே உரக்கப் படியுங்கள். உங்கள் குரலிலேயே பாதி விளங்கிவிடும்.

ஆங்கில வகுப்பில், கல்வி அமைச்சின் ஸ்டெல்லர் என்ற ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்தின்படி சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெரிய புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கிறார்கள். அதற்கு யாரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்படவில்லை. தமிழ் என்றால் மட்டும் கதை, நேரவிரயம்!

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தியாயத்துக்கு ஒரு பயிற்சித்தாள் என்று நாவலையும் நறுக்கிவிடாதீர்கள். "அடுத்து என்ன நடக்கும்? எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" இந்த இரண்டு கேள்வி போதும். விடையெழுதும் முறையைத் தொடக்கநிலை ஆறில் பழக்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு வருடம் தாராளம்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் தொமுளனைப் பலகையில் எழுதிப்போட்டு இரண்டு கேள்விகளையும் கேட்டுப்பாருங்கள். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பிறகு, கிரப்பை என்றால் என்ன என்று கேளுங்கள்.