இணையச் சமநிலை விதிகளை அமெரிக்க அரசு கைவிட்டபோது மக்கள் ஏன் கவலைப்பட்டார்கள்?

அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2015-இல் இணையத்தைத் தொலைபேசி போன்ற பொதுச் சேவையாக வகைப்படுத்தி, இணைப்பு நிறுவனங்கள் தளங்களைத் தடுப்பதையும், வேகத்தைக் குறைப்பதையும், பணம் பெற்று முன்னுரிமை தருவதையும் தடைசெய்தது; எல்லாத் தளங்களையும் சமமாக நடத்தச் சொன்ன இவையே இணையச் சமநிலை விதிகள். அஜித் பை தலைமையிலான அதே ஆணையம், 2017 டிசம்பர் 14 அன்று 3-2 என்ற வாக்குக் கணக்கில் அவ்விதிகளை நீக்கியது.

கவலையின் வேர் வேகத்தைவிட உடைமையில்தான் இருந்தது என்பது என் கருத்து. இணைப்பையும் விற்று, என்பிசி யுனிவர்சல் என்ற ஊடக நிறுவனத்தையும் கையில் வைத்திருந்த காம்காஸ்ட் போன்ற ஒரு நிறுவனம், போட்டியாளரின் காணொளியைத் தன் கம்பியில் சமமாக ஓடவிடும் என்பதற்கு அதன் சொந்த வாக்குறுதியே முதன்மையான பிணையாக எஞ்சியது. பல பகுதிகளில் ஒன்றிரண்டு நிறுவனங்களே அதிவேக இணைப்பைத் தருவதால், பிடிக்காவிட்டால் வேறிடம் மாறிக்கொள்ளலாம் என்ற வாதமும் (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது) எடுபடவில்லை. கலிபோர்னியா மாநிலம் இணையச் சமநிலையைக் காக்க 2018-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2024-இல் ஆணையம் மீட்டெடுத்த விதிகளை 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.