பல் நலம்: கர்ப்பிணிகளின் கேள்விகள், பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு இது ஐந்தாவது மாதம். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி இரவு நேரத்தில் வலிக்கிறது. பல் துலக்கினால் ஈறிலிருந்து ரத்தமும் வருகிறது. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும், பிரசவம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் மாமியார். மரப்பு ஊசி போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.
- வாசகி, பாலக்கோடு

பதில்: தயவுசெய்து பிரசவம் வரை தள்ளிப்போடாதீர்கள். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலமே பல் சிகிச்சைக்கு மிகவும் வசதியானது. மசக்கை பெரும்பாலும் தணிந்திருக்கும். வயிறும் அதிகம் பெருத்திருக்காது. எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் மல்லாந்து நெடுநேரம் படுத்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். எனினும் தாங்க முடியாத வலி, முக வீக்கம், காய்ச்சல் ஆகியவை இருந்தால் எந்த மாதமானாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏனெனில் சொத்தையிலிருந்து வேருக்கு இறங்கிச் சீழ் பிடிக்கும் தொற்றுதான் தாய்க்கும் சேய்க்கும் உண்மையான ஆபத்து, சிகிச்சை அல்ல.

பல் மருத்துவர்கள் வழக்கமாகப் போடும் லிக்னோகெய்ன் மரப்பு ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடலாம். எக்ஸ்ரே தேவைப்பட்டால் ஈயக் கவசம் அணிவித்து எடுப்பார்கள். பல்லுக்கான எக்ஸ்ரேயில் கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு. நான் அஞ்சுவதெல்லாம், மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளைத்தான். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, குறிப்பாக 20 வாரங்களுக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடக்கூடும். டெட்ராசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லி மருந்துகள் குழந்தையின் பற்களில் நிரந்தரக் கறையை உண்டாக்கும். மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. போகும்போது தாய் சேய் நல அட்டையையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை. அது உணவிலிருந்து கிடைக்கிறது. போதாதபோது தாயின் எலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் பாலும் கீரையும் உங்கள் எலும்புக்காகவும் குழந்தைக்காகவும் அவசியம். சொத்தைக்குக் காரணம், அடிக்கடி தின்னும் இனிப்பும் பல்லில் தங்கும் கிருமிகளும்தான். ஈறில் ரத்தம் வருவது வேறு காரணத்தால்: இந்தக் காலத்தில் மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன்களால், பல்லோரம் படியும் சிறிய அழுக்குக்கும் ஈறு பெரிதாக வீங்கிச் சிவக்கிறது. ரத்தத்தைக் கண்டு துலக்குவதை நிறுத்தினால் அழுக்கு கூடி வீக்கமும் கூடும். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்குங்கள். பல்லோரம் இறுகிப்போன காரையை மருத்துவரிடம் அகற்றிக்கொள்வதிலும் தடையில்லை.

கேள்வி: மூன்றாம் மாதம் நடக்கிறது. தினமும் வாந்தி. பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது. மாங்காயைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வாந்தியோடு வரும் இரைப்பை அமிலம் பல்லின் மேற்பூச்சை இளக்கிவிடுவதால், உடனே துலக்கினால் அது தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து வாய் கொப்பளித்துத் துப்புங்கள்; ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். குழந்தைகளுக்கான சிறிய பிரஷ் குமட்டலைக் குறைக்கும். காலையில் முடியாவிட்டால், குமட்டல் தணியும் நேரம் எதுவோ அப்போது துலக்கலாம். மாங்காயை நாள் முழுவதும் கடித்துக்கொண்டிராமல் சாப்பாட்டோடு சேர்த்து உண்டு, பிறகு தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். பேஸ்ட் பிடிக்கவில்லை என்று கரித்தூளுக்கோ செங்கல் பொடிக்கோ போகவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பலருக்குப் பல்லில் காவிக் கறை இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடித்து வளர்ந்தோம். பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருமா? தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதுமா?
- வாசகி, காரிமங்கலம் அருகே

பதில்: இந்தக் கறைக்குக் காரணம், நிலத்தடி நீரில் மிகுதியாகக் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்னும் உப்பு. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய மிஞ்சும் நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீர் இந்த வரம்பைத் தாண்டியிருந்ததால்தான், ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் காவிரி நீர் வரும் நாளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்துவையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும்.

கறை பரம்பரையாக வருவதில்லை. ஒரே தண்ணீரைக் குடிப்பதால் வீட்டார் எல்லோருக்கும் வருகிறது. முன்வரிசை நிரந்தரப் பற்கள், குழந்தை பிறந்த சில மாதங்களிலிருந்து நான்கைந்து வயது வரை தாடைக்குள் உருவாகின்றன. அதிக ஃபுளோரைடு அவற்றில் கறையை ஏற்படுத்துவது அப்போதுதான். தாய் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே சேர்கிறது என்பது நம் பகுதித் தாய்மார்களுக்கு மிகப் பெரிய ஆறுதல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். மருத்துவர் சொல்லிப் பால் பவுடர் கொடுக்க நேர்ந்தால், அதையும் பின்னர் கொடுக்கும் கூழையும் கரைக்க ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள்.