இரகசிய வருகை வேதாகமத்தில் உண்டா? என் மகள் பயந்துபோயிருக்கிறாள், என்ன சொல்வது?

ஜெபக்கூட்டத்தில், இயேசு திரும்பி வருவதைப் பற்றி, "இன்றிரவு வருகை வந்தால் அம்மா போய்விடுவா, நீ கைவிடப்படுவாய்" என்று கேட்டதிலிருந்து உங்கள் மகள் இரவில் எழும்பி எழும்பி உங்களைத் தேடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கவே மனம் பதைத்தது. நான் கிளிநொச்சிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த ஆள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆண்டவர் வரும்போது விசுவாசிகள் அவரைச் சந்திக்க "எடுத்துக்கொள்ளப்படுவது" வேதத்தில் இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:17. ஆனால் முதலில் இரகசியமாக ஒரு வருகை, பிறகு பூமியில் விடப்பட்டவர்களுக்கு ஏழு வருட உபத்திரவம், அதன்பின் எல்லோரும் காண இன்னொரு வருகை என்ற வரிசையை 1830களில் ஜோன் நெல்சன் டார்பி என்பவர் வகுத்துப் போதித்தார். 1909 இல் வந்த ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை வேதாகமம் அதை உலகெங்கும் பரப்பியது. கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த திருச்சபைகள் இப்படிப் போதிப்பதில்லை. ஒரே வருகை, வெளியரங்கமான வருகை என்பதுதான் அவர்களுடைய அறிக்கை. பெந்தெகொஸ்தே சபைகளில் இரகசிய வருகையை உண்மையாக நம்பும் நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் 16ஆம் வசனத்தில் ஆரவாரமும் பிரதான தூதனின் சத்தமும் தேவ எக்காளமும் இருக்கின்றன. அவ்வளவு சத்தத்தோடு வருகிறவர் ஒருவருக்கும் தெரியாமல் வருவார் என்பது எனக்கு ஒட்டவில்லை.

சரி, அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய கடிதத்தில் இதை எதற்காக எழுதினார்? அதைத்தான் நம்முடைய கூட்டங்களில் விட்டுவிடுகிறார்கள். தெசலோனிக்கேயில் சிலர் இறந்துவிட்டார்கள். ஆண்டவர் வரும்போது அவர்கள் கதி என்ன என்று உறவுகள் கலங்கின. அந்தக் கலக்கத்துக்கு எழுதிய பதில் இது. "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்கிறார். உயிரோடிருக்கிறவர்கள் அதற்குப் பிறகுதான். 18ஆம் வசனத்தில் முடிக்கும்போது, "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்கிறார்.

வன்னியில் இந்தப் பகுதியை வேறு எப்படி வாசிப்பது? எங்கள் அயலில் ஒரு அம்மா. கடைசி யுத்தத்தில் மாத்தளனில் ஷெல் விழுந்து இறந்த மகனைப் பங்கருக்குப் பக்கத்திலேயே மணலில் புதைத்துவிட்டு ஓடியவ. இடத்தைத் திரும்பப் போய்த் தேடியும் அடையாளம் பிடிக்க முடியவில்லை. ஒரு வீட்டு ஜெபத்தில் கேட்டா, "கல்லறை இல்லாத பிள்ளை எப்படி ஐயா எழும்பும்?" போதகர் உபத்திரவ காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டு வெளிப்படுத்தல் 20:13ஐ எடுத்து வாசித்தார்: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." அவ அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. கடலே ஒப்புவிக்கும் என்றால் மணல் ஒப்புவிக்காதா என்று அவவே சொன்னா.

மத்தேயு 24இல் இயேசு, நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்தில் நடக்காதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார், கர்ப்பவதிகளுக்காகவும் பால்கொடுக்கிறவர்களுக்காகவும் பரிதபிக்கிறார். 2009 தொடக்கத்தில் தறப்பாளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடியவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. இதுதான் கடைசிக்காலம் என்று அப்போது எத்தனையோ பேர் நம்பினார்கள். ஆனால் அதே அதிகாரத்தில், யுத்தங்களைக் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், "முடிவு உடனே வராது" என்றும் இருக்கிறது.

வருகைக்கு நாள் குறிப்பவர்களை நம்பவே வேண்டாம். 1844 ஒக்டோபர் 22 என்று அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் ஆட்கள் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்றார் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரோல்ட் கேம்பிங். 2025 செப்டம்பரிலும் யூடியூப்பில் ஒரு தேதி சுற்றி வந்தது. அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர எவரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்லியிருக்க, இவர்களுக்கு மட்டும் யார் சொன்னது?

மகளைப் பக்கத்தில் இருத்தி, 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை 13ஆம் வசனத்திலிருந்து 18 வரை சத்தமாக வாசியுங்கள். அம்மாவைக் கூப்பிடுகிற ஆண்டவர் பிள்ளையைத் தனியே விட்டுப் போகச் சொல்கிறவர் இல்லை என்று சொல்லுங்கள். அப்புறம் அந்தப் போதகரிடமும் நேரே போய்ப் பேசுங்கள். பெரியவர்களுக்குப் பிரசங்கிக்கும்போது பின்னால் பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.