லண்டன் கிளாரினெட்டா, பாரிஸ் கிளாரினெட்டா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் இரண்டு பழைய கிளாரினெட் விற்கிறார். ஒன்றில் ‘பூசி அண்டு ஹாக்ஸ், லண்டன், ரீஜண்ட்’ என்று முத்திரை. இன்னொன்றில் கேள்விப்படாத ஒரு பெயர், கீழே ‘பாரிஸ்’. பாரிஸ்தான் உசத்தி, நூறு வருஷப் பழசு என்று அதற்கு இரட்டிப்பு விலை சொல்கிறார். ஏற்காட்டில் சர்ச் பேண்டில் சேர்ந்திருக்கும் என் மகளுக்கு எதை வாங்கலாம்?

பதில்: பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுருதி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் ‘ஹை பிட்ச்’ சுருதியில் வாசித்தன. இன்று நொடிக்கு 440 அதிர்வாக இருக்கும் ‘ஏ’ ஸ்வரம் அவற்றில் சுமார் 452. அவற்றுக்காகச் செய்த வாத்தியத்தை சர்ச் கீபோர்டோடு சேர்ந்து ஊதினால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே போய் நிற்கும். பேரலை (மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டைத் துண்டு) வெளியே இழுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, மேல்துளை ஸ்வரங்கள் நிறைய இறங்கும், கீழே உள்ளவை அவ்வளவு இறங்காது. சில வாத்தியங்களில் ‘எச்.பி.’ என்று பொறித்திருக்கும். பொறிக்காததும் உண்டு, அதனால் போனில் டியூனர் வைத்து ஊதிப் பார்த்தே ஆக வேண்டும். சுருதி தப்பிய வாத்தியத்தில் பழகும் பிள்ளை, தப்பு தன்னுடையது என்றே நினைத்துக்கொள்ளும்.

அடுத்து, வலது சுண்டுவிரலுக்கு எத்தனை கீ என்று எண்ணுங்கள். நான்கு இருந்தால் போம் என்ற கீ அமைப்பு முறை, இரண்டே என்றால் பழைய ஆல்பர்ட் முறை. ஆல்பர்ட் மட்டமானது இல்லை, ஆனால் விரல் போடுவது வேறு. இன்றைய பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் போமுக்குத்தான்.

சரி, பெயர். பூசி, ஹாக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் ஒன்றானது 1930இல். ஆக, அந்த முத்திரை அதற்குப் பிந்தியது. ரீஜண்ட் மாணவர்களுக்கான மாடல்; பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. பாரிஸ் என்ற ஊர்ப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். பிரான்சில் செய்த வாத்தியங்களில் கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்து விற்றது அப்போது சாதாரணம். பஃபே கிராம்போன், செல்மர் என்று பேர்பெற்ற பிரெஞ்சு கம்பெனிகளின் பெயர் இருந்தால் பேச்சே வேறு. வயலின் மாதிரி வயசானால் மதிப்பு கூடும் வாத்தியமும் இல்லை இது.

மரமா, எபனைட்டா (கெட்டி ரப்பர்) என்றும் பாருங்கள். வெயில் பட்ட எபனைட் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். மரமென்றால் மேல்பாகத்தில் துளைகளை ஒட்டி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கும் இடையே போய்வரும் வாத்தியத்துக்கு எபனைட்தான் நிம்மதி.

ரீஜண்ட் 440இல் நின்று, போம் முறையாகவும் இருந்தால் அதையே வாங்குங்கள். துளைகளை மூடும் பழைய பேட், இணைப்புகளில் உள்ள கார்க் எல்லாம் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்கள். போகும்போது மகளின் மாஸ்டரையும் மலையிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய மவுத்பீஸும் ரீடும் கையில் இருக்கட்டும்.